பூண்டு லாரிக்கு முன்னால் நின்ற பிள்ளை

1. பள்ளங்கியில் முதல் நாள்

மலைக்குக் கீழே பல வருடம் கண் பரிசோதகராக வேலை பார்த்துவிட்டு, கொடைக்கானல் விஷன் சென்டருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே என்னைப் பள்ளங்கிக்கு அனுப்பினார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பார்க்க வேண்டும். ஒரு பையில் சார்ட், டார்ச், கண்ணின் பவர் பார்க்கிற ரெடினோஸ்கோப். இன்னொரு பையில் ட்ரயல் லென்ஸ் பெட்டி. இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியபோது கண் பார்க்க வந்த எனக்கே கண் தெரியவில்லை, அவ்வளவு மூட்டம். வராந்தாவில் சார்ட்டை மாட்டினால் நல்ல கண்ணுள்ள பிள்ளையும் தோற்றுப்போகும் என்று சொல்லி, ஒரு வகுப்பறையைக் காலி செய்து தரச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே காலி செய்து கொடுத்தார்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்திருப்பது ஈ சார்ட். ஆங்கில எழுத்து ஈ நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பில் கார்த்திகா என்று ஒரு பிள்ளை வந்தாள். இடது கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் கடைசி வரி வரை கடகடவென்று காட்டினாள். இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். அப்போதும் காட்டினாள். கையை எடுத்து வலது கண்ணை மூடினேன். பிள்ளை சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"எதுக்கு டீச்சர் லைட்ட அமத்துறீக?"

வகுப்பறையில் லைட்டே போடவில்லை. ஜன்னல் வெளிச்சம்தான். இடது கண்ணுக்கு அந்தச் சார்ட்டின் உச்சியில் இருக்கும் பெரிய எழுத்து மட்டும், அதுவும் தடுமாறித்தான் தெரிந்தது. எங்கள் கணக்கில் 6/60. நல்ல கண்ணுக்கு அது 6/6.

வகுப்பு டீச்சர் நம்பவில்லை. "நல்லா எழுதுவாளே மேடம், போர்டுல இருக்கறத ஒரு தப்பில்லாம எழுதுவாளே" என்றார். எழுதுவாள்தான். ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை எதையும் விடாது. படிக்கும், விளையாடும், ஊசியில் நூல் கோக்கும். அதனால்தான் இந்த நோய் யார் கண்ணிலும் படுவதில்லை. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது, பல் வலித்தால் பிள்ளை அழுகிறது. இதில் வலியும் இல்லை, அழுகையும் இல்லை.

இதற்கு சோம்பேறிக் கண் என்று பெயர் வைத்தவரை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். கண் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால், அல்லது ஒரு கண்ணில் பவர் மிக அதிகமாக இருந்தால், மூளைக்கு இரண்டு விதமான படம் வரும். தெளிவான படத்தை வைத்துக்கொண்டு மற்றதை மூளை ஒதுக்கிவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்து, ஒருவனிடமே எல்லா வேலையும் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னொருவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான் அல்லவா, அப்படித்தான். சின்ன வயதில் பிடித்துவிட்டால் சரி செய்யலாம். மருந்தோ ஊசியோ வேண்டாம். சரியான கண்ணாடி போட்டு, நன்றாக இருக்கிற கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டுப் பட்டையால் மூடிவிட்டால், வேறு வழியில்லாமல் மூளை ஒதுக்கி வைத்த கண்ணைக் கூப்பிட்டு வேலை வாங்கும். வயது ஏற ஏற அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். கார்த்திகாவுக்கு ஆறு வயது. நேரம் இருந்தது.

2. கண் நேராக நின்றபோது

சந்தை நாளன்று கார்த்திகாவை அவளுடைய அப்பாவும் அம்மாவும் சென்டருக்குக் கூட்டி வந்தார்கள். அப்பா முத்தையா, பூண்டும் பீன்ஸும் போடுகிற விவசாயி. அம்மா பாண்டியம்மா. சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரிந்த பிறகு பவர் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பிளஸ் பவர், இடது கண்ணில் கூடுதல். இந்த வகை மாறுகண்ணில் ஒரு நல்ல சேதி உண்டு. பிள்ளை தெளிவாகப் பார்க்கச் சிரமப்பட்டு முட்டி மோதும்போதுதான் கண் உள்ளே திரும்புகிறது. கண்ணாடி அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டால் கண் தானாக நேரே வந்து நிற்கும். ஆபரேஷன்கூட வேண்டியிருக்காது.

மருந்தின் வேகம் அடங்கிய இன்னொரு நாள் வரச் சொல்லி, ட்ரயல் ஃப்ரேமில் லென்ஸைப் போட்டுக் கார்த்திகாவின் மூக்கில் மாட்டினேன். எதிரே இருந்த பொம்மையைப் பார்க்கச் சொன்னேன். மூக்கோரம் ஒதுங்கிக் கிடந்த கண் மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நின்றது. எத்தனை தடவை பார்த்திருந்தாலும் எனக்கு அது சந்தோஷம் தருகிற காட்சி. பாண்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். முத்தையா அசையாமல் உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்தேன்.

"இதக் கழட்டுனா பழையபடி திரும்பிக்கிருமா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் அதற்குள் மூன்று தடவை சொல்லியிருந்தேன். "திரும்பிக்கும்ண்ணே. அதனாலதான் கழட்டவே கூடாதுன்னு சொல்றேன். தூங்கும்போதும் குளிக்கும்போதும் மட்டும் கழட்டுங்க" என்றேன்.

"ஆனா கழட்டுனா வந்துரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூச்சு விட்டார். மற்ற தகப்பன்மார்கள் எல்லாம் "மறுபடி வந்துராதுல்ல" என்றுதான் கேட்பார்கள். இவர் மாற்றிக் கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது.

பிறகு பட்டையைக் காட்டினேன். பிசின் உள்ள துணிப் பட்டை, தோல் நிறத்தில் இருக்கும். வலது கண்ணில் ஒட்ட வேண்டும் என்றதும் பாண்டியம்மா திகைத்துப்போனார். "நல்ல கண்ணையா மூடணும்?" என்றார். பார்வை இல்லாத கண்ணுக்கு ஓய்வு கொடுத்து மூடி வைக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எத்தனையோ வீடுகளில் சென்டரை விட்டுப் போனதும் பட்டையைக் கெட்ட கண்ணுக்கு மாற்றி ஒட்டிவிடுவார்கள். மாதக் கணக்கில் ஒட்டி, பார்வை இன்னும் மோசமாகி வருவார்கள். அதனால் பாண்டியம்மாவையே என் முன்னால் ஒரு தடவை ஒட்டச் சொன்னேன். சரியாக ஒட்டினார்.

3. லாரி

முதல் சில வாரங்கள் நரகம்தான். நல்ல கண்ணை மூடினால் பிள்ளை கிட்டத்தட்டக் குருடு. வாசற்படியில் முட்டிக்கொள்வாள், சாப்பாட்டைத் தட்டுக்கு வெளியே தேடுவாள், பட்டையைப் பிய்த்து எறிவாள். பாண்டியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டை ஒட்டுகிற நேரத்தில் முறத்தில் உளுந்தைக் கொட்டி, கல்லும் தூசியும் பொறுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். முதலில் விரலால் தடவித் தடவித்தான் பொறுக்கினாளாம். போகப் போகக் கண்ணால் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் 6/60 என்றிருந்த கண் 6/24 வரை ஏறிவிட்டது. சார்ட்டில் அது மூன்றாவது வரி. இன்னும் ஒரு வருடம் விடாமல் செய்தால் அந்தக் கண்ணும் புத்தகம் படிக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அடுத்த தடவை பாண்டியம்மா வரவில்லை. தோட்டத்தில் அறுப்பு நேரம், சோலி அதிகமாக இருக்கும் என்று நானே ஒரு நாள் முதல் பஸ்ஸில் பள்ளங்கிக்குப் போனேன். ரோட்டோரம் பூண்டு மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி ஒரு லாரி நின்றது. வடுகபட்டி மார்க்கெட்டுக்குப் போகிற லோடு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சூடம் எரிந்தது. லாரிக்கு நேர் முன்னால், ஸ்வெட்டரும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கார்த்திகா நின்றாள். கண்ணாடி முத்தையாவின் கையில் இருந்தது. இடது கண் பழையபடி மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"லாரியவே பாரு தாயி, குனியாத" என்றார் முத்தையா. ஸ்டியரிங்கில் இருந்த டிரைவர் அவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பின்னாலேயே இன்னொருவரின் பிக்கப் வேன் வந்து நின்றது. அதற்கு முன்னாலும் அவளைத் தள்ளி நிறுத்தினார்கள்.

எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது. மாறுகண் உள்ள பிள்ளை யோகக்காரி என்று ஊரில் நம்பிக்கை. அவள் பிறந்த வருடம் பூண்டுக்கு நல்ல விலை கிடைத்ததாம். அதிலிருந்து அவள் முகத்தில் முழித்துவிட்டுத்தான் பள்ளங்கியிலிருந்து பூண்டு இறங்கும். விதைப் பூண்டு ஊன்றுகிற அன்று முதல் பல்லை அவள் கையால்தான் மண்ணில் வைப்பார்கள். அடுத்த ஊர்க்காரர்கள்கூடக் கேட்டு அழைத்துப் போவார்களாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் அப்போது வரவில்லை. லாரி கிளம்புகிற அந்த ஒரு நிமிடம் கண்ணாடியைக் கழட்டுவதால் கண்ணுக்கு எதுவும் ஆகிவிடாது. "நீங்க அந்த நேரத்துக்குக் கழட்டிக்கங்கண்ணே. லாரி வளைவு திரும்புனதும் மாட்டிவிட்டுருங்க" என்றேன். முத்தையா ரொம்பச் சந்தோஷப்பட்டார். "நீங்க படிச்சவுகளா இருந்தும் எங்க மனசு தெரிஞ்சு பேசுறீக" என்று ஒரு பை நிறைய கேரட் கொடுத்து அனுப்பினார். அவர்கள் நம்பிக்கைக்கும் என் வைத்தியத்துக்கும் நடுவில் ஒரு சமாதானம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் போகத்தில் பூண்டு விலை விழுந்தது. வெளி மாநிலத்திலிருந்து லோடு லோடாக வந்து இறங்கியதில் மலைப் பூண்டைச் சீந்த ஆள் இல்லை. மேல்மலை முழுக்க எல்லோருக்கும் அதே அடிதான். ஆனால் பள்ளங்கியில் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். யோகக் கண்ணைக் கண்ணாடி போட்டு நேராக்கிவிட்டார்கள், அதனால் வந்த வினை என்றார்கள். ஊர்க்காரர்கள் நாலு பேர் முத்தையாவின் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

4. திரும்பி வந்த கண்ணாடி

பாண்டியம்மா ஒரு நாள் தனியாகச் சென்டருக்கு வந்தார். முந்தானையில் முடிந்திருந்த கண்ணாடியை அவிழ்த்து என் மேஜையில் வைத்தார். பிரிக்காத பட்டைப் பெட்டி ஒன்றும் இருந்தது.

"அவுக வேணாம்னுட்டாக. பள்ளிக்கூடத்துலயே வச்சு டீச்சர மாட்டிவிடச் சொன்னேன். அதுவும் தெரிஞ்சுபோச்சு. வீட்டுல வச்சிருந்தா ஒடச்சுப்போடுவாக. வேற புள்ளைக்காவது ஆகும்ல மேடம்" என்றார். நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தார். கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் கையை நீட்டவில்லை.

மறுநாளே நான் பள்ளங்கிக்குப் போனேன். முத்தையா தோட்டத்தில் பீன்ஸுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே பேசினேன். முதலில் பதமாகத்தான் பேசினேன். பார்வை எவ்வளவு ஏறியிருக்கிறது, இப்போது நிறுத்தினால் அத்தனையும் இறங்கிவிடும், பெரியவளான பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட முடியாது, எல்லாம் சொன்னேன். அவர் குச்சி நடுவதை நிறுத்தவில்லை.

"ஒரு கண்ணுலயே அவ எல்லாம் பாக்குறா. வகுப்புல அவதான் மொத மார்க்கு. அப்பறம் எதுக்குங்க இன்னொண்ணு?"

"ஒரு கண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா இன்னொண்ணு வேணும்ல அண்ணே?"

குச்சியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏன் ஆகுது? எதுக்கு ஆகுது? காலங்காத்தால வந்து எம்புள்ளைக்கு இப்படிச் சொல்றீகளே, நல்லா இருக்கா ஒங்களுக்கு? ஊரே எம்புள்ள மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பொழைக்குது. அதக் கெடுத்துவிட்டுட்டு நான் இங்க எப்படிக் குடியிருக்கிறது?"

அந்தக் கடைசிக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஊரை விரோதித்துக்கொண்டு அந்த மலையில் தண்ணீர் பாய்ச்ச முடியாது, லாரிக்கு மூட்டை ஏற்ற ஆள் வராது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலையாக வைக்கப்பட்டது ஒரு பிள்ளையின் கண். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனேன், டாக்டரையும் ஒரு முறை கூட்டிப் போனேன். கடைசித் தடவை வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஆள் பேச்சு கேட்டது. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றபோது ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. பீன்ஸ் குச்சி

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குப் பட்டை ஒட்டினேன். பெரியவர்களும் வருவார்கள். முக்கால்வாசிப் பேருக்கு டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகிற இடத்தில்தான் தெரியவரும். ஒரு கண்ணை மூடச் சொல்வார்கள், இன்னொரு கண்ணில் ஒன்றும் தெரியாது. முந்தாநாள் வரைக்கும் தெரிந்தது, திடீரென்று போய்விட்டது என்று பதறி ஓடி வருவார்கள். அது அவர்கள் பிறந்து நடக்க ஆரம்பித்த காலத்திலேயே போனது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரியவர்களுக்கு ஒன்றுமே செய்ய முடியாது என்று நான் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. கண்ணாடி, பட்டை, கம்ப்யூட்டரில் பயிற்சி என்று விடாப்பிடியாகச் செய்தால் சிலருக்குக் கொஞ்சம் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் வருவது இவர்களுக்கு வருடக் கணக்கில் வரும், வராமலும் போகும்.

கார்த்திகா மறுபடி என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. முத்தையா கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். வாசலில் படி இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் காலைத் தூக்கினாள். எனக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. வலது கண்ணைப் பார்த்தேன். கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் முழுக்க வெள்ளையாக இருந்தது.

நர்சிங் படித்துக்கொண்டிருந்தாளாம். லீவுக்கு வீட்டுக்கு வந்தவள் அம்மாவோடு பீன்ஸ் பறிக்கப் போயிருக்கிறாள். குனிந்தபோது கொடிக்கு நட்டிருந்த குச்சியின் முனை வலது கண்ணில் குத்திவிட்டது. பெரிதாக ரத்தம் இல்லை. உறுத்தல்தானே, போய்விடும் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். செடி, குச்சி குத்தின கண்ணில் பூஞ்சை ஏறும். சிவப்பை உடனே குறைக்கிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். அது பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்க்கிற மாதிரி. சிவப்பு குறைந்தது, பார்வையும் குறைந்தது. சீக்கிரம் கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கும். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண்ணுக்குள்ளேயே சீழ் வைத்துவிட்டது. கண்ணை எடுக்காமல் விட்டதே அவர்கள் செய்த பெரிய காரியம்.

இடது கண்ணைச் சோதித்தேன். 6/60. ஆறு வயதில் ஏறியதெல்லாம் என்றோ இறங்கிப் போயிருந்தது. இன்னொன்றையும் பார்த்தேன். அந்தக் கண் நேராக நின்றது. பார்க்க வேறு கண் இல்லை என்றானதும் மூளை அதைத்தான் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. கெட்டுப்போன வலது கண்தான் வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

"அந்தப் பட்டைய இப்ப ஒட்டலாமா டாக்டரம்மா?" என்று கேட்டார் முத்தையா. "எம்புட்டு நேரம்னாலும் சரி. ராவும் பகலும் ஒட்டி வச்சுக்கிருவோம். இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன்."

"பட்டைய நல்ல கண்ணுலல்ல ஒட்டணும். அது எங்க இருக்கு இப்ப? அதத்தான் குச்சி வந்து ஒரேயடியா மூடிட்டுப் போயிருச்சே" என்றேன்.

கடுமையான பேச்சுதான். பதின்மூன்று வருடம் அவர் தோட்டத்து வரப்பிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்த பேச்சு. முத்தையா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பாவ வையாதீங்க மேடம்" என்றாள் கார்த்திகா. "வைய வேண்டியத எல்லாம் எங்க அம்மாவே வஞ்சு முடிச்சிருச்சு. எனக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

6. மூன்றாவது வரி

செய்ய வேண்டியது நிறைய இருந்தது. முழுப் பவரில் கண்ணாடி எழுதினேன். மொபைலில் பயிற்சி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பேப்பர் தலைப்புகளைத் தினமும் உரக்கப் படிக்கச் சொன்னேன். நல்ல கண் போய்விட்ட பெரியவர்களில் சிலருக்கு ஒதுக்கி வைத்த கண் கொஞ்சம் எழுந்து வரும். எனக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அதையும் அவளிடம் கூட்டிச் சொல்லவில்லை.

"ஒரு எழுத்துன்னா தெரியுது மேடம். வரிசையா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிருது" என்பாள். இந்தக் கண்ணின் குணமே அதுதான். தனி எழுத்தைப் பிடித்துவிடும், கூட்டத்தில் விட்டுவிடும். பஸ் போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். சிரிஞ்சில் கோடு பார்க்க முடியாது என்பதால் நர்சிங் படிப்பை விட்டாள். காலேஜில் கொடுத்திருந்த சான்றிதழ்களைத் திரும்ப வாங்க அவளும் பாண்டியம்மாவும்தான் கீழே போனார்கள். முத்தையாவோடு பாண்டியம்மா பேசுவதே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சோறு போடுவாராம், அவ்வளவுதான்.

ஊரும் மாறிக்கொண்டது. ஒரு நாள் கார்த்திகாவே சாதாரணமாகச் சொன்னாள். "லோடு கெளம்புறப்ப வெளிய வராத தாயின்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிட்டுப் போறாரு மேடம். ஒத்தக் கண்ணு எதுக்க வந்தா ஆகாதாம்." அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டார்ச்சை மேஜையில் வீசினேன். அவளுக்குக் கோபம் இல்லை. பயிற்சிக்கு நேரமாகிறது என்றாள்.

வருடம் ஒன்று தாண்டியும் விடாமல் வந்தாள். கண் 6/24 வரை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது. பாண்டியம்மா முறமும் உளுந்தும் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் எட்டிய அதே வரி. ஆறு வயதில் அது ஏணியின் பாதி. இப்போது அதுதான் உச்சி. என்னால் அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. எவ்வளவு வந்திருக்கிறது என்று முத்தையா கேட்டார். சொன்னேன். அவருக்கு அந்த எண் ஞாபகம் இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பவர் பார்ப்பதும் பட்டை ஒட்டுவதும் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். மாறுகண் உள்ள குழந்தை வந்தால், அந்தக் கண் அந்த வீட்டில் என்ன வேலை பார்க்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். அது யாருக்கு நல்லது செய்ததாக நம்புகிறார்கள், யார் முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். அது தெரியாமல் கண்ணாடி கொடுத்தால் கண்ணாடி முந்தானையில் முடிந்து திரும்பி வரும்.

நான் ரிட்டையர் ஆவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாறுகண். ட்ரயல் ஃப்ரேம் போட்டதும் கண் நேராக வந்தது. தினமும் பட்டை ஒட்ட வேண்டும் என்று சொல்லி, பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"இவ பொறந்த பிறகுதானுங்கம்மா எங்களுக்குச் சொந்தமா வீடு கெடைச்சது" என்றார் தயங்கித் தயங்கி. "இந்தக் கண்ண மாத்திறாதன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லித்தான் அனுப்பினாரு. ஊர விட்டு இந்த எஸ்டேட்டுக்கு வந்து அதுவரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் அமையலிங்க."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அன்று செக்கப்புக்கு வந்து பக்கத்து நாற்காலியில் இருந்த கார்த்திகா முந்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழட்டி மடியில் வைத்தாள். முகத்தை அந்தப் பெண்ணுக்கு நேராகத் திருப்பினாள்.

"நானும் எங்க ஊருல ராசிக்காரிதாங்க்கா" என்றாள். "என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பூண்டு லாரியே கெளம்பும்."

அந்தப் பெண் அவளுடைய வெள்ளைக் கண்ணைப் பார்த்தார். மடியில் இருந்த மகளைப் பார்த்தார். மேஜையில் கிடந்த பட்டைப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எந்தக் கண்ணுல ஒட்டணும்ங்க?" என்று கேட்டார்.

"நல்ல கண்ணுலக்கா" என்றாள் கார்த்திகா.